மாதிரி ரயில் கேள்வி–பதில்: பழைய வரைபடம், பெரிய ஸ்கேல்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எச்.ஓ. (1:87), ஓ.ஓ. (1:76) ஸ்கேலில் பெயர் வாங்கிய பழைய லேஅவுட்டுகளை (மாதிரி ரயில் பாதை அமைப்புகளை) அவற்றைவிடப் பெரிய ஓ அல்லது ஜி அளவுக்கு எப்படிக் கொண்டுபோவது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கே: 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையில் போடும் எச்.ஓ. வட்டப் பாதை லேஅவுட்டை ஓ ஸ்கேலில் செய்ய ஆசை. எல்லா அளவையும் 1.81ஆல் பெருக்கினால் போதும் என்கிறார்கள். சரியா? (வாசகர், மதுரை)

ப: கணக்கு சரி, அறைதான் இடிக்கும். எச்.ஓ. 1:87, அமெரிக்க ஓ ஸ்கேல் 1:48. வகுத்தால் 1.81 வருகிறது. அதன்படி உங்கள் பலகை பதினாலரை அடி நீளமும் ஏழே கால் அடி அகலமும் ஆகிவிடும். நீளம், அகலம் இரண்டும் வளர்வதால் பரப்பு 3.3 மடங்கு. சுற்றிலும் ஆள் நடக்க 2 அடி விட்டால் பதினெட்டரைக்குப் பதினொன்றே கால் அடி அறை வேண்டும்.

இடம் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்கேல் வளர்ந்ததற்காக நம் கை வளர்வதில்லை. மேசை ஓரத்தில் நின்றபடி எதையும் தட்டிவிடாமல் எட்டக்கூடிய தூரம் 75 செ.மீ. ஏழே கால் அடி அகல மேசையின் நடுப்பகுதி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் 110 செ.மீ. தள்ளி இருக்கும். அங்கே ஒரு வேகன் தடம் புரண்டால் மேசைமேல் ஏறித்தான் எடுக்க வேண்டும். எச்.ஓ.வில் இந்தத் தொல்லையே கிடையாது. 4 அடி அகலத்தில் நடுப்பகுதி 61 செ.மீ.தான்.

அதனால் மில்லிமீட்டரைப் பெருக்காதீர்கள், வண்டிகளை எண்ணுங்கள். பழைய வரைபடத்தில் எத்தனை பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), ஒவ்வொரு சைடிங்கிலும் (வண்டி நிறுத்தும் கிளைப் பாதை) எத்தனை வேகன் நிற்கும், எஞ்சின் எந்தப் பக்கம் ஓடித் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லேஅவுட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. 40 அடி அமெரிக்கப் பெட்டி வேகன் கப்ளிங்கோடு சேர்த்து எச்.ஓ.வில் சுமார் 150 மி.மீ., ஓ ஸ்கேலில் சுமார் 275 மி.மீ. நான்கு வேகன் நின்ற 600 மி.மீ. சைடிங், ஓ ஸ்கேலில் 1,100 மி.மீ. கேட்கும். மூன்று வேகன் போதும் என்றால் 825 மி.மீ.யில் முடிந்துவிடும். நான்கு மூன்றாவதால் விளையாட்டு கெடுவதில்லை. ஆனால் சைடிங்குகளில் ஒன்றையே தூக்கிவிட்டால் கெட்டுவிடும்.

வளைவுக்கு ஒரு விதி: ஆரம், இருப்பதிலேயே நீளமான வண்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 275 மி.மீ. வேகனுக்கு 825 மி.மீ., அதாவது சுமார் 32.5 அங்குலம். முழு வட்டத்துக்கு அப்போதே 6 அடி அகலம் வேண்டும். வட்டம் இல்லாமலே சமாளிக்க முடியும் என்றால், இரண்டு சுவர்களை ஒட்டி 60 செ.மீ. அகலப் பலகையை எல் வடிவில் வைத்து, முனையிலிருந்து முனைக்கு ஓடும்படி செய்யுங்கள். ஓ ஸ்கேலுக்கு அதுதான் பொருந்தும்.

இன்னொன்று: 'ஓ' என்ற ஒரே பெயரில் மூன்று அளவு புழங்குகிறது. அமெரிக்காவில் 1:48, பிரிட்டனில் 1:43.5, ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் 1:45. மூன்றும் ஓடுவது 32 மி.மீ. தண்டவாளத்தில்தான். வரைபடத்தைப் பெரிதாக்கி அச்செடுக்கும்போது எச்.ஓ.விலிருந்து அமெரிக்க ஓவுக்கு 181 சதவீதம், பிரிட்டன் ஓவுக்கு 200 சதவீதம். ஓ.ஓ.விலிருந்து பிரிட்டன் ஓவுக்கு 175. எந்த நாட்டு வண்டி வாங்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் கடைக்காரரிடம் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கே: ஓ ஸ்கேல் ரயில் 18 அங்குல ஆர வளைவில் ஓடுமா? கடையில் 'ஓ36' என்று ஒரு வளைவு தருகிறார்கள். அது 36 அங்குல ஆரமா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: இல்லை. லயனல் போன்ற நிறுவனங்களின் மூன்று கம்பித் தண்டவாளத்தில் அந்த எண் விட்டம். ஓ36 என்றால் 36 அங்குல விட்டம், 18 அங்குல ஆரம். எச்.ஓ. கடைக்காரர் '18' என்பதும் இவர் '36' என்பதும் ஒரே வளைவு. இதில் ஓடவென்றே செய்த மூன்று கம்பி வண்டிகள் 8க்கு 4 பலகையில் நன்றாக ஓடும். சக்கர விளிம்பு ஆழம், கப்ளிங் பெரிது, நடுத் தண்டவாளம் கண்ணை உறுத்தும். இரண்டு கம்பி ஓ ஸ்கேலில் 18 அங்குலம் என்றால் நான்கு சக்கரக் குட்டி எஞ்சினையும் குட்டி வேகனையும் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

கே: இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற ஷண்டிங் புதிர் லேஅவுட்டைப் பிரிட்டன் ஓ ஸ்கேலில் செய்ய எவ்வளவு நீளம் வேண்டும்? பழைய 4 அடியை 1.75ஆல் பெருக்கினால் 7 அடி வருகிறது. அதற்குள் அடங்குமா? (வாசகர், திருச்சி)

ப: அடங்கும், ஆனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அலன் ரைட் பிரிட்டனில் உருவாக்கிய இந்த லேஅவுட் பெரிய ஸ்கேலுக்கு மாற்ற மிக ஏற்றது. மொத்தமே இரண்டு பாயிண்ட், மூன்று சைடிங், எஞ்சின் இழுத்துக்கொண்டு வந்து நிற்க ஒரு துண்டுப் பாதை. நீளச் சைடிங்கில் 5 வேகன், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று, துண்டுப் பாதையில் எஞ்சினும் 3 வேகனும். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6,720 வழி உண்டு, ஆகவே சலிக்காது.

இனி அளவு. 7 மி.மீ. ஸ்கேலில் (ஓர் அடிக்கு 7 மி.மீ., அதாவது பிரிட்டன் ஓ) சாதாரண நான்கு சக்கர வேகன், பஃபரிலிருந்து (வேகன் முனையில் இருக்கும் இடிதாங்கி) பஃபருக்கு 137 முதல் 145 மி.மீ. வரை இருக்கும். 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். 08 வகை டீசல் ஷண்டர் 205 மி.மீ. துண்டுப் பாதைக்கு 205 கூட்டல் மூன்று வேகனுக்கு 435, ஆக 640. கப்ளிங் தளர்ச்சிக்கு 20 சேர்த்தால் 660. அடுத்து பாயிண்ட். பீகோ நிறுவனத்தின் ஓ ஸ்கேல் நடுத்தர ஆரப் பாயிண்ட் சுமார் 400 மி.மீ. நீளம். முதல் பாயிண்டைத் தாண்டி இரண்டாவது பாயிண்டுக்கு இன்னொரு 400, பக்கத்துப் பாதையில் நிற்கும் வண்டி இடிக்காமலிருக்க 100, பிறகு மூன்று வேகனுக்கு 435. நீளச் சைடிங் இரண்டாவது பாயிண்டுக்குப் பக்கவாட்டிலேயே ஓடுவதால் அதற்குத் தனி நீளம் கிடையாது. கூட்டினால் 1,995. இரு முனையிலும் பஃபர் ஸ்டாப்புக்கு (பாதை முடிவில் வைக்கும் தடுப்பு) 40, 40. ஆக 2,075 மி.மீ. 7 அடி என்பது 2,134.

ஓ.ஓ.வில் இதே கணக்கைப் போட்டால் சுமார் 1.1 மீட்டர் வரும். அதை 1.75ஆல் பெருக்கினால் 1.93 மீட்டர்தான். மீதி எங்கே போனது? பாயிண்டில். பீகோவின் ஓ.ஓ. குறு ஆரப் பாயிண்ட் 185 மி.மீ. அது 1.75 மடங்கு வளரவில்லை, இரண்டு மடங்குக்கு மேலேயே வளர்ந்துவிட்டது. வரைபடத்தை அப்படியே பெரிதாக்கி அச்செடுத்து, அதன்மேல் பாயிண்டை வைத்துப் பார்ப்பவர்கள் திகைப்பது இங்கேதான். பலகை அறுக்கும் முன் இரண்டு பாயிண்டையும் வாங்கித் தரையில் வைத்து அளந்துவிடுங்கள்.

பாயிண்டை எந்தக் கையில் வாங்குவது என்பதும் முக்கியம். இடப்பக்கம் பிரிந்து உடனே வலப்பக்கம் பிரியும் பாதையில், மூன்று வளையச் சங்கிலிக் கப்ளிங் போட்ட வேகன்களைத் தள்ளினால் பஃபர்கள் ஒன்றையொன்று தாண்டிப் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் இழுக்கும்போது நன்றாகவே வரும், தள்ளும்போதுதான் தடம் புரளும். இதற்கு முதல் பாயிண்ட் இடக்கையாக இருக்கட்டும். அதன் வளைந்த கிளை நீளச் சைடிங்குக்குப் போகட்டும். நேர்க்கிளையில் வலக்கைப் பாயிண்டை வைத்து இரண்டு குட்டைச் சைடிங்குகளைப் பிரியுங்கள். இப்படி வைத்தால் எந்தப் பாதையிலும் ஒரே ஒரு பாயிண்ட் வளைவுதான் வரும். பிரிந்த சைடிங்குகளை இழுத்து வளைத்து இணையாக்க வேண்டாம். விரிந்தபடியே போகட்டும், உண்மையான சரக்கு யார்டு போலவே இருக்கும்.

பலகை: இரண்டு துண்டு. முதல் துண்டில் பஃபர் ஸ்டாப், துண்டுப் பாதை, முதல் பாயிண்ட் மூன்றும் சேர்ந்து 1,100 மி.மீ. இணைப்பு இரண்டு பாயிண்டுகளுக்கும் நடுவில் விழுவதால் பாயிண்ட் வெட்டுப்படாது. மேலே 9 மி.மீ. பிளைவுட், அடியில் 75 மி.மீ. உயரச் சட்டம், 300 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். பாயிண்ட் மோட்டார் வைக்கும் இடத்தில் குறுக்குச் சட்டம் வந்துவிடாமல் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தள்ளும் டார்டாய்ஸ் மோட்டாரோடு வரும் கம்பி எச்.ஓ.வுக்கு உரியது. ஓ பாயிண்டின் நாக்கை (பாதையைத் திருப்பும் நகரும் தண்டவாளம்) நகர்த்துமுன் அந்தக் கம்பியே வளைந்துவிடும். 0.8 மி.மீ. எஃகுக் கம்பியாக மாற்றுங்கள்.

துண்டுப் பாதையின் பஃபர் ஸ்டாப்பைக் கடைசியில் ஒட்டுங்கள். முதலில் எஞ்சினையும் மூன்று வேகனையும் நிறுத்தி, பாயிண்ட் நாக்கு தடையில்லாமல் திரும்புகிறதா, நான்காவது வேகன் இடமில்லாமல் திணறுகிறதா என்று பாருங்கள். ஒரு வேகனுக்குக் கூடுதல் இடம் கிடைத்தாலும் புதிரின் பாதிச் சுவை போய்விடும்.

கே: எனக்கு 5 அடிதான் இடம். இங்கிள்நூக்கை ஓ ஸ்கேலில் செய்ய வழியே இல்லையா? (வாசகி, கொழும்பு)

ப: இரண்டு வழி. முதல் வழி, 3–2–2 என்று சுருக்குவது. ஐந்து வேகன், அதில் மூன்றைக் கோக்க வேண்டும். வரிசைகள் 60ஆகக் குறையும். நீளம் 1.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், அதுவும் உங்களுக்கு அதிகம்.

இரண்டாவது வழி, பாயிண்டையே தூக்கிவிடுவது. துண்டுப் பாதையைத் தனிப் பலகையாக அறுத்து, அதன் கடைக்கோடியில் அச்சாணி வைத்து, மறுமுனை மூன்று சைடிங்குகளுக்கும் திரும்பும்படி செய்யுங்கள். 660 மி.மீ. பலகை, 725 மி.மீ. நீளச் சைடிங், பஃபர் ஸ்டாப்புகளுக்கு 80. மொத்தம் 1,465. ஐந்தடி என்பது 1,524. வேகன் எண்ணிக்கை 5–3–3 மாறவே மாறாது.

திரும்பும் பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், அச்சாணிக்கு 6 மி.மீ. போல்ட், ஒரு வாஷர். மூன்று சைடிங்குகளும் அச்சாணியை மையமாகக் கொண்டு விசிறிபோல விரிய வேண்டும். பலகையின் முனையில் பாதைகளுக்கு இடையே 80 மி.மீ. இருந்தால் போதும். 7 மி.மீ. ஸ்கேல் வேகன் 60 மி.மீ. அகலம்தான். அப்போது ஒரு பக்கம் 7 டிகிரி, மறுபக்கம் 7 டிகிரி திரும்பினால் சரி. இவ்வளவு சின்னத் திருப்பத்துக்கு உரசும் மின்தொடர்பு எதுவும் வேண்டாம், தொய்வாக விட்ட மெல்லிய இழை ஒயர் இரண்டு போதும்.

பலகையில் ஒரு தண்டவாளம், சைடிங்கில் ஒரு தண்டவாளம் என்று தனித்தனியாகப் போட்டுவிட்டு இரண்டையும் ஒன்றுசேர்க்க முயலாதீர்கள். அது ஒருநாளும் சேராது. நடுப்பாதையில் வெட்டுக்கு இரு பக்கமும் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டுத் துண்டுகளைத் திருகி, தண்டவாளத்தை ஒரே நீளமாக வெட்டின்மேல் போட்டுச் சால்டர் வையுங்கள். அதன்பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுங்கள். வெட்டு 1 மி.மீ.க்கு மேல் போகாது, இரு முனையும் நேராகவே நிற்கும். ஓரப் பாதைகள் இரண்டுக்கும், பலகையை அந்தப் பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டு, பலகையில் இருக்கும் தண்டவாள முனைக்கு நேராகச் சைடிங் தண்டவாளத்தைச் சால்டர் செய்யுங்கள். பூட்ட ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னப் பித்தளைத் தாழ்ப்பாள் போதும். பலகையில் தாழ்ப்பாள், ஒவ்வொரு சைடிங்கின் எதிரிலும் அதன் குழல். திரும்பும் முனைக்கு அடியில் ஒரு துண்டு மைக்கா ஷீட் ஒட்டுங்கள். மரம் மரத்தின்மேல் உரசித் தேய்ந்து அரை மி.மீ. இறங்கினாலே சக்கரம் முட்டி ஏறும்.

கே: அமெரிக்க மாதிரி ரயில் கலைஞர் ஜான் ஆலனின் புகழ்பெற்ற கோரி அண்ட் டிஃபீடட் லேஅவுட்டின் முதல் வடிவத்தை ஓ ஸ்கேலில் எழுப்ப நினைக்கிறேன். அறை 10க்கு 11 அடி. (வாசகர், டொரண்டோ)

ப: கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆலன் முதலில் கட்டிய எச்.ஓ. வடிவம் 3 அடி 7 அங்குலத்துக்கு 6 அடி 8 அங்குலம். ஓ ஸ்கேலுக்குப் பெருக்கினால் ஆறரை அடிக்கு 12 அடி 1 அங்குலம். உங்கள் 11 அடி அறையில் அது அடங்கவே அடங்காது. ஆகவே முழு ஓ ஸ்கேல் வேண்டாம். அதற்குப் பதில் ஓ.என்.30 என்ற வழியைப் பரிந்துரைக்கிறோம்.

ஓ.என்.30 என்பது 1:48 அளவில் செய்த வண்டிகளை 16.5 மி.மீ. எச்.ஓ. தண்டவாளத்தில் ஓட்டுவது. 16.5ஐ 48ஆல் பெருக்கினால் 792 மி.மீ. 30 அங்குலக் குறுகிய பாதை என்றால் 762 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. (கால்கா–சிம்லா பாதை இதே 762 மி.மீ.தான் என்பதால் இந்திய வண்டி செய்ய நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.) பாக்மன் நிறுவனம் 1998இல் இதில் இறங்கியதிலிருந்து வண்டி கிடைப்பதும் எளிது. மலை, பாலம், சுருக்கமான ரயில் என்று இருக்கும் ஆலனின் வரைபடத்துக்குக் குறுகிய பாதை இயல்பாகவே ஒத்துப்போகும்.

வரைபடத்தை அப்படியே 100 சதவீதத்தில் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டவாளம் மட்டும்தான் எச்.ஓ., மேலே ஓடும் வண்டி ஓ என்பதை மறந்துவிடுகிறார்கள். 8 அடி அகலக் குறுகிய பாதைப் பெட்டி 1:48இல் 51 மி.மீ. எச்.ஓ. பெட்டி 37 மி.மீ.தான். பழைய வரைபடத்தில் இணைப் பாதைகளுக்கு நடுவே 50 மி.மீ. விட்டிருந்தால் எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்.

வளைவில் இன்னும் மோசம். பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். கணக்குப் பார்ப்பது எளிது. இரண்டு போகி (பெட்டிக்கு அடியில் சுழலும் சக்கரத் தொகுதி) மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் உள்பக்கத் தள்ளல் கிடைக்கும். போகி மையம் 150 மி.மீ., ஆரம் 457 மி.மீ. (18 அங்குலம்) என்றால் 6 மி.மீ. பெட்டி நீளம் 220 என்றால், அதன் வர்க்கத்திலிருந்து போகி தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதே எண்ணால் வகுக்க, வெளிப்பக்கம் 7 மி.மீ. ஆக 51, 6, 7 கூட்டினால் 64. விரல் நுழைய 10 சேர்த்தால் 74. ஆகவே வளைவில் இணைப் பாதைகளுக்கு இடையே 75 மி.மீ.க்குக் குறையாதீர்கள். நேர்ப்பாதையில் 65 போதும். சுரங்க வாயிலுக்கும் பாறைச் சுவருக்கும் இதே தள்ளலைச் சேர்த்து ஓர் அட்டை அளவுகோல் வெட்டி, நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் ஒட்டி, பிளாஸ்டர் பூசும் முன் கையால் தள்ளி ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டர் காய்ந்த பிறகு பாறையைச் செதுக்குவது தண்டனை.

உயரம் அடுத்தது. ஒரு பாதை இன்னொன்றின்மேல் தாண்டும் இடத்தில், பாலத்தின் தடிமனையும் சேர்த்து, எச்.ஓ.வுக்குச் சுமார் 90 மி.மீ. போதும். ஓ.என்.30க்கு 115, முழு ஓவுக்கு 160. ஏற்றம் 3 சதவீதம் என்றால் அந்த உயரத்தை எட்ட முறையே 3 மீட்டர், 3.8 மீட்டர், 5.3 மீட்டர் பாதை வேண்டும். இந்த நீளம் உங்கள் பலகையில் கிடைக்கவில்லை என்றால், உடனே ஏற்றத்தைக் கூட்டாதீர்கள். மேலே போகும் பாதை பாதி ஏறட்டும், கீழே போவது பாதி இறங்கட்டும். தேவையான நீளம் பாதியாகும். 4 சதவீதம் வரை போகலாம், ஆனால் வளைவும் ஏற்றத்தோடு சேரும். எச்.ஓ. தண்டவாளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: 32ஐ ஆரத்தின் அங்குலத்தால் வகுத்து ஏற்றத்தோடு கூட்டு. 18 அங்குல வளைவில் 4 சதவீதம், எஞ்சினுக்கு 5.8 போலக் கனக்கும். நான்கைந்து பெட்டிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

18 அங்குலத்துக்குக் குறைவான வளைவு வரைபடத்தில் எங்கே இருந்தாலும் 18க்கு விரியுங்கள். அதற்கும் மேலே சொன்ன இடைவெளிகளுக்கும் சேர்த்தால் லேஅவுட் 4 அடிக்கு 8 அடி ஆகும், அதாவது சரியாக ஒரு பிளைவுட் ஷீட். உங்கள் அறையில் மூன்று பக்கம் நடக்கலாம். தண்டவாளத்துக்கு எச்.ஓ. ஃப்ளெக்ஸ் (விரும்பியபடி வளைக்கக்கூடிய வகை) வேண்டாம். குறுக்குக் கட்டைகள் தீக்குச்சி போலத் தெரிந்து, வண்டி பெரிது என்ற பிரமையே கலைந்துவிடும். பீகோவின் ஓ–16.5 ஃப்ளெக்ஸ் தண்டவாளத்தில் கட்டைகள் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். சுரங்கத்துக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு மட்டும் மலிவான எச்.ஓ. தண்டவாளம் போதும்.

கே: டைம்சேவர் என்ற ஷண்டிங் புதிரையும் இப்படிப் பெரிதாக்கலாமா? (வாசகர், சேலம்)

ப: தாராளமாக. அதுவும் ஜான் ஆலன் உருவாக்கியதுதான், ஐந்து பாயிண்ட். ஆனால் அதில் ஒவ்வொரு துண்டுப் பாதையும் இத்தனை வேகனுக்கு மட்டும் என்று இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதே புதிர். ஒரே நீளமுள்ள வேகன்களாக வாங்குங்கள். நீளமும் குட்டையும் கலந்தால் சில இடங்களில் புதிர் தீராது, சில இடங்களில் தானே தீர்ந்துவிடும். நீளக் கணக்கு இங்கிள்நூக்குக்குச் சொன்னதேதான்.

கே: எச்.ஓ.விலிருந்து ஓவுக்கு மாறிய பிறகு வேகன்கள் அடிக்கடி தடம் புரள்கின்றன. தண்டவாளம் சரியாகத்தான் இருக்கிறது. (வாசகர், ஈரோடு)

ப: வேகனைத் தராசில் வையுங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி எச்.ஓ.வுக்கு 1 அவுன்ஸோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஓவுக்கு 5 அவுன்ஸோடு அங்குலத்துக்கு 1 அவுன்ஸ். ஐந்தரை அங்குல எச்.ஓ. வேகன் 106 கிராம், அதே வேகன் ஓவில் 10 அங்குலம் என்றால் 425 கிராம். நான்கு மடங்கு. பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் வேகன் பல நேரம் இதில் பாதிகூட இருக்காது. காரீயத் துண்டுகளைத் தரைமட்டத்தில், சக்கரங்களுக்கு மேலாக இரு முனையிலும் சமமாக ஒட்டுங்கள். கூரைக்கு அருகில் ஒட்டினால் வளைவில் சாயும். எடை சரியாகியும் புரண்டால் ஒரு போகியின் திருகை, போகி தடையில்லாமல் சுழலும் ஆனால் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு இறுக்கிவிட்டு மற்றதை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். மூன்று கால் முக்காலி போல ஆடாமல் உட்காரும்.

கே: எச்.ஓ. லேஅவுட்டில் இருந்த ஒயரிங்கையே ஓவுக்கும் பயன்படுத்தலாமா? டி.சி.சி. (தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) 5 ஆம்பியர். (வாசகர், சென்னை)

ப: மாற்றிவிடுங்கள். எச்.ஓ. எஞ்சின் அரை ஆம்பியருக்குள் அடங்கும். ஓ எஞ்சின் ஏற்றத்தில் ஒன்று, இரண்டு ஆம்பியர் இழுக்கும், சிக்கி நின்றால் அதற்கும் மேல். எச்.ஓ.வில் இருந்த ஒன்றரை ஆம்பியர் டிகோடரை (எஞ்சினுக்குள் கட்டளையைப் பெறும் சின்ன சர்க்யூட்) ஓ எஞ்சினில் போட்டால் ஒரு நாள் புகை வரும். 4 ஆம்பியர் வகை வாங்குங்கள்.

பலகைக்கு அடியில் ஓடும் முக்கிய ஒயர் 1 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பும்போது 5 ஆம்பியரில் 1.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர் போட்டால் 0.7 வோல்ட். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி இணைப்பு ஒயர், 0.75 சதுர மி.மீ. தண்டவாள ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். வேலை முடிந்ததும் கடைக்கோடித் தண்டவாளத்தில் ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் நிஜமாகவே ஷார்ட் ஆகும் நாளில் 5 ஆம்பியரும் ஒரு போகி வழியாகப் பாய்ந்து பிளாஸ்டிக்கை உருக்கும்.

கே: எச்.ஓ. அட்டைக் கட்டடங்களை 181 சதவீதம் பெரிதாக்கி அச்செடுத்தால் ஓ கட்டடம் ஆகிவிடாதா? (வாசகி, பெங்களூரு)

ப: ஆகும், ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சு 166 புள்ளியாகிச் செங்கல் மங்கும். ஜன்னல் சட்டத்தின் அட்டைத் தடிமனையும் ஏற்ற வேண்டும், 1 மி.மீ. அட்டை 1.8 ஆகட்டும். கட்டடத்தின் அடிப்பரப்பு 3.3 மடங்காகி யார்டையே விழுங்கிவிடும் என்பது பெரிய தொல்லை. கதவு, ஜன்னல், படி இவற்றின் அளவில் கை வைக்காதீர்கள் (2 மீட்டர் கதவு 1:48இல் 42 மி.மீ.). சுவரின் நீளத்தில் ஓரிரு ஜன்னல் வரிசைகளை எடுத்துவிடுங்கள். பின்பக்கக் கட்டடங்களுக்கு முன்சுவரும் 50 முதல் 75 மி.மீ. ஆழமும் மட்டும் போதும்.

கே: 12 மி.மீ. எச்.ஓ.எம். (எச்.ஓ. அளவில் மீட்டர் கேஜ்) தண்டவாளத்தில் நீலகிரி மலை ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் ஜி ஸ்கேலில் செய்ய நினைக்கிறேன். கேஜ் பொருந்துமா? (வாசகர், கோவை)

ப: இதைவிடப் பொருத்தமான கேஜ் கிடையாது. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் கொண்டுவந்த ரயில்களின் 45 மி.மீ. தண்டவாளத்தை 1:22.5 அளவில் எடுத்தால் 1,012 மி.மீ., அதாவது நம் மீட்டர் கேஜ். ஆனால் 87ஐ 22.5ஆல் வகுத்தால் 3.9. உங்கள் 2 மீட்டர் ஸ்டேஷன் யார்டு 7.7 மீட்டர் ஆகும். அதனால் குன்னூரை விட்டுவிட்டு ஹில்குரோவை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் சின்ன ஸ்டேஷன், எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும்.

பல்சட்டப் பாதையில் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற, நடுவில் பல் வைத்த சட்டம் போட்ட பாதை) ஏற்றம் 12க்கு 1, அதாவது 1.2 மீட்டருக்கு 100 மி.மீ. சாதாரணச் சக்கரம் இதில் வழுக்கும், எல்.ஜி.பி. பல்சட்டமும் பல்சக்கர எஞ்சினும் தேவை. சமதளத்திலிருந்து 8 சதவீதத்துக்கு ஒரேயடியாக முறிக்காதீர்கள். 2, 4, 6 என்று தலா 20 செ.மீ.யாவது விட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் பல்சக்கரம் சட்டத்தைவிட்டு எழும்பும். நீலகிரியில் மேலே ஏறும்போது எஞ்சின் கடைசியில் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. மாதிரியிலும் அப்படித்தான் ஓட்டுவீர்கள். தள்ளும்போது 600 மி.மீ. ஆர வளைவில் கொக்கிக் கப்ளிங் பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பிவிடும். 1,195 மி.மீ. ஆர வளைவுகளை வாங்குங்கள்.

வெயிலுக்கும் இடம் விடுங்கள். 30 டிகிரி வெப்பம் கூடினால் 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 5.7 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு முறை 1 மி.மீ. இடைவெளி விட்டு, அதிகாலைக் குளிரில் பதித்தால் இன்னும் கொஞ்சம் கூட்டி, கட்டைகளைச் சிமெண்டில் புதைக்காமல் சல்லியில் மிதக்க விடுங்கள். பல்சட்டப் பகுதி மட்டும் கீழே வழுக்கி இறங்கப் பார்க்கும், அதன் மேல்முனையை ஒரே ஓர் இடத்தில் திருகிப் பிடித்தால் போதும்.